மதியக் காட்சி

சீட்டுக் கொடுக்கும் ஓட்டை வழியாக
பதினோரு வருடம் கைகளையே பார்த்துவந்தவள் நான்.
ஜிவோயினின் கையில் எலும்பில்லை.
மீதிச் சில்லறையை வைத்தால்
பிசைந்த மாவில் வைத்ததுபோல் உள்ளே அமுங்கும்.

டான்யூபுக்கு அந்தக் கரையில் ஏதோ ஊரில்
காலராவில் செத்தவர் என்று பேச்சு.
புதைத்த பிணம் வேற்றூர் போனால்
கசாப்புக்கடை வைக்கும் என்பது
எங்கள் நெகோதினில் குழந்தைக்கும் தெரியும்.
அதனாலென்ன,
எடையில் ஏமாற்றியதில்லை.
ஈரலைக் கடனுக்கும் கொடுப்பார்.
நாய்கள் மட்டும் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போகும்.

ஜூலை உச்சிவெயிலில்
கூரையேறி ப்ளம் காயவைப்பார், சட்டையில்லாமல்.
முதுகு கறுத்தது. அவ்வளவுதான்.
பாதிரியார் கீழே நின்று
பழம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த இலையுதிர்காலத்தில்
தகரப்பெட்டியில் வந்தது ஒரு ஜெர்மன் படம்.
ரத்தம் குடிப்பவனின் கதை. நகம் மட்டுமே ஒரு முழம்.
கடைசியில் சன்னல் திறக்கிறது,
சூரியன் விழுகிறது,
அவன் வலக்கையால் இடமார்பைப் பிடித்து
வளைந்து, வெளுத்து,
புகையாகிறான்.

ஏன் என்று யாருமே கேட்கவில்லை.
பியானோ வாசிக்கும் க்லாஃபீரா மட்டும்
சிகரெட்டைக் கடித்தபடி சொன்னாள்:
"காசு தீர்ந்திருக்கும், ரூஜிட்சா.
ஆப்படிக்க நாலு பேர் வேண்டும், சவப்பெட்டி வேண்டும், சகதி வேண்டும்.
வெயில் ஓசி."

மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.
கதவில் கைவைத்தவர் நின்றுவிட்டார்.
கீழிடுக்கு வழியாக ஒரு விரற்கடை வெளிச்சம்
காலணி நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது.
பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெளியே இன்னும் பகல்தானா?"

மணி நாலு.
காலையில்தான் அதே வெயிலில்
எனக்கு அரைக்கிலோ தொடைக்கறி வெட்டித் தந்திருந்தார்.
அது வெறும் படம் என்று சொல்லியிருக்கலாம்.
நான் குடையை நீட்டினேன்.
கறுப்புக் குடை, ஒரு கம்பி ஒடிந்தது.
இன்றைக்கும் என் தூக்கத்தில் உறுத்துவது
அந்தக் குடைதான்.

மறுநாள் கடை திறக்கவில்லை.
அதற்கடுத்த நாள் இரவில் திறந்தது.
விளக்கொளியில் தொங்கும் தொடைகள்,
வெள்ளை அங்கி, அந்தக் கைகள்.
பகலில் பார்த்தபோது அவை கசாப்புக்காரரின் கைகள்.
இரவில் வாங்க யார் போவார்கள்?
பகலுக்கு ஒளிகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்றார்கள்,
இத்தனை காலம் கூரையில் பார்த்துச் சிரித்தவர்கள்.

முள்மரத்தில் சீவிய ஆப்போடு போனார்கள்.
பட்டப்பகலில்தான் போனார்கள்.
இருட்டில் போக யாருக்குத் துணிச்சல்?
வெயிலில் எரிந்தது எது என்று
அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது,
ஆனால் அதை நான் உரக்கச் சொல்லவில்லை.

ஆப்புக்கு வேலையே வரவில்லை.
தையல்காரன் மகன் திரைச்சீலையைப் பிடுங்கினான்.
வெளிச்சம் வெட்டுமரத்தின் மேல் விழுந்து
அவர் மேலும் விழுந்தது.
கூட்டத்தின் பின்னால் எக்கி நின்று பார்த்தேன்:
வலக்கை, இடமார்பு.
தலை சாய்ந்த கோணம்கூட அதேதான்.
ஒரே தடவை பார்த்த காட்சியை
ஒரு அசைவு பிசகாமல் செய்தார்.
நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து
சரியாகச் செய்கிறேனா என்பதுபோல்
எங்களைப் பார்த்தார்.

பிறகு அங்கி மட்டும் கிடந்தது.
அடுத்த ஊரில் இப்போது இதைச் சட்டம்போல் சொல்கிறார்களாம்,
ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று.

ஆணியில் என் குடை மாட்டியிருந்தது.
ஒடிந்த கம்பியை
ஆட்டு நரம்பால் இறுகக் கட்டி வைத்திருந்தார்.
எடுத்துக்கொண்டு வந்தேன்.
விரிக்கவில்லை.
தலையில், தோளில், சீட்டுக் கிழிக்கும் என் விரல்களில்
நல்ல வெயில்.